எண் ஏறினால் வலி ஏறுமா?

ஈப்போ புந்தோங்கில் முறுக்கும் கச்சாங் பூத்தேயும் போட்டு விற்கிற வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் முடக்குவாதம். அண்ணியின் ரத்த ரிப்போர்ட்டில் ‘ஆர்.எஃப்.’ என்ற வரிக்கு எதிரே 240 என்று சிவப்பில் அச்சாகியிருக்கிறது. அவரோ மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு, காலையில் எழுந்து மாவு பிசைந்து, அச்சைத் திருகி, வேலையை முடித்துவிடுகிறார். நாத்தனாருக்கு அதே வரியில் வெறும் 9. ‘நார்மல்’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் விடியற்காலையில் அவரால் தண்ணீர்க் குழாயைத் திறக்க முடியவில்லை. விரல் கணுக்கள் வீங்கிக் கிடக்கின்றன, கை விறைப்பு விட ஒன்பது மணி ஆகிறது. “உனக்குத்தான் ரத்தத்துல ஒண்ணும் இல்லையே, அப்புறம் எப்படிடி வலிக்குது?” என்று அண்ணி கேட்டால் அவரிடம் பதில் இல்லை.

ஆட்கள் கற்பனை, குழப்பம் கற்பனையல்ல. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று எண்ணைப் பார்த்தே நோயை அளந்து பழகிய சமூகம் நம்முடையது. எண் ஏறினால் நோய் ஏறியது, இறங்கினால் இறங்கியது. அந்தப் பழக்கத்தோடு முடக்குவாத ரிப்போர்ட்டைப் படித்தால் தப்பாகத்தான் படிப்போம். அது வேறு ஜாதி எண்.

அது எதை எண்ணுகிறது என்பதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது சுலபம். ரப்பர் மரம் மலாயாவில் காலூன்றிய இடமே பேராக்தான். 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே மரமாக நிற்கிறது. மரம் சீவி மங்கில் இறங்கும் பால் ஏன் பாலாகவே இருக்கிறது? அதில் மிதக்கும் கோடிக்கணக்கான ரப்பர் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. ஒரே வகை மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளி விலக்கியபடி தனித்தனியே மிதக்கின்றன. ஆலைத் தொட்டியில் ஃபார்மிக் அமிலத்தைக் கலந்ததும் அந்த விலக்கம் செத்துப்போகிறது. துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன, பால் திரண்டு கட்டியாகிறது. எடுக்காமல் விட்ட மங்கில் பாக்டீரியா சுரக்கும் அமிலமே அந்த வேலையைச் செய்து கட்டிப்பால் ஆக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத துகள் ஒட்டிக்கொள்ளும்போது கண்ணுக்குத் தெரியும் கட்டி உண்டாகிறது. முடக்குவாதத்துக்கான ரத்தச் சோதனை பிறந்தது இந்தச் சூட்சுமத்தில்தான்.

1956இல் நியூயார்க்கில் ஜாக் சிங்கர், சார்ல்ஸ் பிளாட்ஸ் என்ற இருவர் ஒரு ‘லேடெக்ஸ்’ சோதனையை வெளியிட்டார்கள். இந்த லேடெக்ஸ் நம் மரத்துப் பால் அல்ல. பொட்டலச் சோறு கட்டும் வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, அந்தப் பாலிஸ்டைரீனை மிக நுண்ணிய மணிகளாக்கி நீரில் மிதக்கவிட்ட செயற்கைப் பால். ஒவ்வொரு மணியும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. மணிகள்மேல் மனித எதிர்ப்பொருளைப் பூசினார்கள். அதில் நோயாளியின் ரத்த நீரைச் சேர்த்தால், முடக்குவாதக்காரர்கள் பலரிடம் பால் திரிந்தது. கறுப்புக் கண்ணாடியின் மேல் ஒரு சொட்டு, ஓரிரு நிமிடம், வெள்ளை வெள்ளையாய்ப் பிசிறு. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படாததால் சாதாரண ஆஸ்பத்திரி ஆய்வகங்களுக்கும் அது எளிதாகப் பரவியது.

திரிய வைத்தது எது? எதிர்ப்பொருள் என்பது வெள்ளணுக்களின் வழி வந்த செல்கள் சுரக்கும் கவட்டை வடிவப் புரதம். இரண்டு கையாலும் கிருமியைப் பிடிக்கும். வால் பகுதியால் மற்ற காவல் செல்களுக்குச் சேதி சொல்லும். வெளியாளைப் பிடிக்க வேண்டிய இந்தப் புரதம் உடம்பின் சொந்தச் சரக்கையே பிடித்தால் அது தன்னெதிர்ப்பொருள். முடக்குவாதக் காரணி, அதாவது ஆர்.எஃப்., இதில் ஒரு விசித்திரப் பிறவி: அது பிடிப்பது இன்னொரு எதிர்ப்பொருளின் வாலை. பெரும்பாலும் ஐந்து கவட்டைகள் சேர்ந்த பெரிய வடிவில் இருப்பதால் அதற்குப் பத்துக் கை. ஒரு கையில் ஒரு மணி, மறு கையில் இன்னொரு மணி என்று பிடித்தால் பால் திரியாமல் என்ன செய்யும்? ரத்த நீரை நீர்க்க நீர்க்கக் கலந்து, எதுவரை திரிகிறது என்று பார்த்தே முன்பு அளவு சொன்னார்கள். இன்று அதே கலங்கலை ஒளி பாய்ச்சி இயந்திரம் அளக்கிறது. அண்ணியின் 240 அப்படி வந்த எண்.

இதற்கு முன்கதையும் உண்டு. 1937இல் நார்வேயின் எரிக் வாலர் ஆட்டு ரத்த அணுக்களை வைத்து வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தார். ஒரு முடக்குவாத நோயாளியின் ரத்த நீர் பட்டதும் அந்த அணுக்கள் எதிர்பாராமல் கட்டியாயின. 1940இல் வெளியிட்டார். உலகமே போரில் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. 1948இல் அமெரிக்காவில் ஹாரி ரோஸ் குழுவினர் அதே நிகழ்வைத் தாங்களாகவே கண்டார்கள். அதனால்தான் இருவர் பெயரையும் சேர்த்து ரோஸ்-வாலர் சோதனை என்றார்கள். நோயின் காரணத்தைத் தேடி யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆய்வகத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டது. அது யாரிடம் ஒட்டுகிறது என்று பிறகு எண்ணிப் பார்த்தார்கள். அந்தப் பிறப்புக் குறை இன்றுவரை ஆர்.எஃப்.பைத் தொடர்கிறது.

முடக்குவாதக்காரர் 100 பேரில் ஏறத்தாழ 70 பேரிடம்தான் அது இருக்கும். மறுபக்கம், காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி, கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் நோய் என்று வேறு பலவற்றிலும் இருக்கும். எந்த நோயும் இல்லாதவர்களிடமும், முக்கியமாக வயதானவர்களிடம், இருக்கும். ஒரு கணக்குப் போடலாம். ஆயிரம் பேரில் முடக்குவாதம் உள்ளவர் 10 பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 7 பேருக்கு ஆர்.எஃப். பாசிட்டிவ். மீதி 990 பேரில் நூற்றுக்கு 5 பேருக்குச் சும்மா பாசிட்டிவ் வந்தாலே 50 பேர் ஆகிறது. ஆக, சிவப்பில் எண் வாங்கிய 57 பேரில் நோயாளி 7 பேர்தான். மூட்டில் வீக்கமே இல்லாதவர்களுக்கும் ‘முழு உடல் செக்கப் பேக்கேஜ்’ என்று காசு வாங்கிக்கொண்டு இந்தச் சோதனையைச் சேர்த்துவிடும் வழக்கம் எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான். மீதி 50 பேர் வீட்டுக்குப் போய் இணையத்தில் கோணிப்போன விரல்களின் படங்களைப் பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடப்பார்கள்.

இதைவிடக் கூர்மையான சோதனை வர நெடுங்காலம் ஆயிற்று. 1964இல் நெதர்லாந்தில் நீன்ஹவுஸ், மண்டெமா என்ற இரு மருத்துவர்கள், கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த செல்களின்மேல் நோயாளிகளின் ரத்த நீரை விட்டார்கள். முடக்குவாதக்காரரின் எதிர்ப்பொருள், செல்லின் நடுக்கருவைச் சுற்றியுள்ள பொடிமணிகளில் போய் ஒட்டியது. அருமையான சோதனைதான், ஆனால் நடைமுறைக்கு ஆகவில்லை. எல்லார் கன்னத்துச் செல்லும் ஒத்துவராது. சரியான கன்னத்துக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எதிர்ப்பொருள் உண்மையில் எதைப் பிடிக்கிறது என்று தெரிய 34 ஆண்டுகள் பிடித்தன.

1998இல் நைமேகன் பல்கலைக்கழகத்தின் ஷெல்லெகென்ஸ், வான் வென்ரூய் குழு விடையைக் கண்டது. புரதங்கள் அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த சங்கிலிகள். அதில் அர்ஜினின் என்ற அமிலத்துக்கு நேர்மின்னேற்றம் உண்டு. அழற்சி உள்ள இடத்தில் ஒரு நொதி வந்து அர்ஜினினைச் சிட்ருலின் ஆக மாற்றுகிறது. மின்னேற்றம் போய்விடுகிறது, புரதத்தின் மடிப்பு குலைகிறது. அடிபட்டாலும் சளி பிடித்தாலும் யார் உடம்பிலும் நடக்கக்கூடிய மாற்றம்தான் இது. முடக்குவாதம் வரப்போகிறவர்கள் பலரின் உடம்போ இந்த மாறிய புரதத்தை வெளியாள் என்று எண்ணி எதிர்ப்பொருள் செய்கிறது. சிட்ருலின் கொண்ட சிறு துண்டை வளையமாக்கிப் பொறியாக வைத்தபோது எதிர்ப்பொருள் வசமாக மாட்டியது. ரிப்போர்ட்டில் ‘ஆன்டி-சி.சி.பி.’ என்று வருவது இதுதான். கண்டுபிடிக்கும் திறனில் ஆர்.எஃப்.பை ஒத்ததே, 100க்கு 67 என்ற அளவில். ஆனால் வீண்பழி மிகக் குறைவு: முடக்குவாதம் இல்லாத 100 பேரில் ஏறத்தாழ 95 பேரைச் சரியாக ‘இல்லை’ என்று விட்டுவிடும். ஆர்.எஃப். விடுவது 85 பேரை. (சிட்ருலின் முதலில் கிடைத்தது தர்ப்பூசணியில். அதற்காகப் பழத்தைத் தள்ளிவைக்க வேண்டாம். தின்று செரித்த சிட்ருலின் வேறு, உடம்பின் சொந்தப் புரதத்துக்குள் உருமாறி உட்கார்ந்திருக்கும் சிட்ருலின் வேறு.)

இந்த எதிர்ப்பொருள்கள் நோயின் விளைவா, முன்னோடியா? நோய் வந்த பிறகு ரத்தம் எடுத்தால் இதற்கு விடை கிடைக்காது. நோய் வருவதற்கு முன்பே எடுத்த ரத்தம் வேண்டும். யாருக்கு நோய் வரும் என்று யாருக்குத் தெரியும்? இங்கேதான் ரத்த வங்கிகள் கைகொடுத்தன. ஆம்ஸ்டர்டாமில் ரத்ததானம் செய்தவர்களின் மாதிரிகள் ஆண்டுக்கணக்காக உறைநிலையில் கிடந்தன. பின்னாளில் முடக்குவாதம் வந்த 79 கொடையாளர்களின் பழைய மாதிரிகளை எடுத்து உருக்கிச் சோதித்தார்கள். 2004இல் வந்த முடிவு: ஏறத்தாழப் பாதிப் பேரின் ரத்தத்தில், முதல் வலி வருவதற்கு முன்பே இந்த இரண்டு எதிர்ப்பொருள்களில் ஒன்றாவது இருந்தது. நடுமதிப்பாகப் பார்த்தால் நாலரை ஆண்டு முன்பு. சிலரிடம் பத்தாண்டுக்கும் மேல். ஸ்வீடனின் வடபகுதியில் சேமித்த ரத்தத்தை வைத்து 2003இல் வந்த ஆய்வும் இதையே சொன்னது. ஆக, மூட்டுகள் நன்றாக இருக்கும்போதே வேறெங்கோ சண்டை தொடங்கிவிடுகிறது. நுரையீரலிலும் பல் ஈறிலும் அது தொடங்கலாம் என்பதற்குச் சான்றுகள் சேர்ந்து வருகின்றன.

நுரையீரல் என்றதும் நம் ஊர் ஆய்வு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் சேர்ந்து ‘மை-ஐரா’ என்ற பெயரில் தீபகற்ப மலேசியா முழுவதும் முடக்குவாத நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டன. மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் அதில் இருந்தார்கள். 2012இல் வந்த முடிவின்படி புகைபிடித்தல் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆனால் சிட்ருலின் எதிர்ப்பொருள் உள்ள வகை முடக்குவாதத்துக்கு மட்டும். எதிர்ப்பொருள் இல்லாத வகையில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அப்படியானால் முடக்குவாதம் என்று ஒரே பெயரில் அழைப்பது குறைந்தது இரண்டு வேறு பாதைகளில் வந்து சேரும் நோயாக இருக்க வேண்டும். நம் நாத்தனாருக்கான விடையில் பாதி இங்கேயே கிடைத்துவிடுகிறது. ஆன்டி-சி.சி.பி.யும் அவரிடம் இல்லை என்று வைத்துக்கொண்டால், அவருக்கு வந்திருப்பது எதிர்ப்பொருள் காட்டாத வகை. முடக்குவாதக்காரர் மூன்றில் ஒருவரிடம் சிட்ருலின் எதிர்ப்பொருள் இருக்காது.

அதே ஆய்வில் 2016இல் வந்த இன்னொரு முடிவு பெண்களைப் பற்றியது. நோயுள்ள 910 பெண்களில் 41 பேரும், நோயற்ற 910 பெண்களில் 15 பேரும் வேலையிடத்தில் துணித்தூசியைச் சுவாசித்தவர்கள். ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. இங்கே எதிர்ப்பொருள் உள்ள வகை, இல்லாத வகை இரண்டுமே கூடியிருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன பிறகு நம் பெண்கள் எத்தனை பேர் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள் என்பதை நினைத்தால், இது படித்துவிட்டு மூடிவைக்கும் புள்ளிவிவரமல்ல. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர் 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் முடக்குவாத நோயாளிகளிடையே நம் பங்கு அதைவிடப் பல மடங்கு என்பதை மலேசிய மருத்துவர்கள் நெடுநாளாகக் கவனித்து வருகிறார்கள். எதிர்ப்பொருள் உருவாவதை எளிதாக்கும் எச்.எல்.ஏ. மரபணு வடிவங்களில் ஒன்று இந்திய வம்சாவளியினரிடம் கூடுதலாக இருப்பது இதற்கு ஒரு பகுதிக் காரணம். மீதியை மரபணு மட்டும் விளக்கிவிடாது.

இப்போது அண்ணியின் பக்கம் வருவோம். 240 இருந்தும் அவர் ஏன் நன்றாக இருக்கிறார்? எதிர்ப்பொருளைச் செய்வது பிளாஸ்மா செல்கள். அவற்றில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜைக்குள் குடியேறி ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்து ஒரே சரக்கைச் செய்துகொண்டே இருக்கும். செய்த சரக்கும் லேசில் அழியாது. சிட்ருலின் எதிர்ப்பொருள் பெரும்பாலும் சேர்ந்த வகையின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே மூன்று வாரம் ஆகும். மருந்து மூட்டுக்குள் நடக்கும் அழற்சியை அடக்கிவிட்டாலும் மஜ்ஜைக்குள் இருக்கும் உற்பத்தி நிற்பதில்லை. நல்ல சிகிச்சையில் ஆர்.எஃப். ஓரளவு இறங்கும், ஆன்டி-சி.சி.பி. அதைவிட மெதுவாக, பலரிடம் இறங்காமலே இருக்கும். முழு நிவாரணத்தில் இருப்பவர்களிடமும் பாசிட்டிவ் தொடர்வது சகஜம். போதாக்குறைக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவுகோலும் மாறும். போன வருடம் ஓரிடத்தில் 180, இந்த வருடம் வேறிடத்தில் 240 என்றால் நோய் கூடியது என்று பொருளல்ல.

இன்றைய நிலவரத்தைச் சொல்வது வேறு இரண்டு சோதனைகள். ஒன்று சி.ஆர்.பி. எங்காவது அழற்சி கிளம்பினால் வரும் சேதியைக் கேட்டுக் கல்லீரல் சுரக்கும் புரதம் இது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் 1930இல் நிமோனியா நோயாளிகளிடம் கண்டது. ரத்தத்தில் அதன் அரையாயுள் 19 மணி நேரம்தான் என்பதால் நோய் தணிந்தால் சில நாளிலேயே இறங்கிவிடும். மற்றொன்று இ.எஸ்.ஆர்.; நிறுத்திவைத்த குழாயில் ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு கீழே இறங்குகின்றன என்ற அளவு. இங்கே மறுபடியும் மங்குப் பாலின் விஞ்ஞானம்தான். சிவப்பணுக்களுக்கும் எதிர்மின்னேற்றம் உண்டு, அவையும் ஒன்றையொன்று விலக்கும். அழற்சியில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் பெருகி அந்த விலக்கத்தை மழுங்கடிக்கிறது. அணுக்கள் அடுக்கடுக்காய் ஒட்டி, கனம் கூடி, வேகமாக இறங்குகின்றன. ஆனால் இரண்டுக்குமே ஆள் அடையாளம் தெரியாது. பல்லில் சீழ், சிறுநீர்க் கிருமி எதற்கும் அவை ஏறலாம். ரத்தசோகை இருந்தாலே இ.எஸ்.ஆர். கூடும்.

அதனால்தான் மருத்துவர்கள் கையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் என இரண்டிரண்டாக எட்டு. கைவிரல் கணுக்கள் இருபது. ஆக 28 மூட்டுகள். எத்தனையில் வீக்கம், எத்தனையில் அமுக்கினால் வலி என்று எண்ணி, அதோடு இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி.யையும், ‘மொத்தத்தில் எப்படி இருக்கிறது’ என்று நோயாளியே தரும் மதிப்பெண்ணையும் சேர்த்து ஒரே எண்ணாக்குவார்கள். 2.6க்குக் கீழே நிவாரணம், 5.1க்கு மேலே கடுமை. ‘டாஸ்-28’ என்று பெயர். பாதங்களைக் கணக்கில் சேர்க்காதது இதன் குறை; நாளெல்லாம் நின்று வேலை செய்பவர்களுக்கு அது சின்னக் குறையுமல்ல. இந்தக் கணக்கு 1995இல் வெளியானது, அதே நைமேகனிலிருந்து. சிட்ருலின் கண்டுபிடிப்புக் கட்டுரையிலும் டாஸ்-28 கட்டுரையிலும் லியோ வான் டி புட்டே என்ற மூட்டு மருத்துவரின் பெயர் இருக்கிறது. டாஸ்-28 கணக்கில் ஆர்.எஃப்.புக்கு அன்று இடம் தரவில்லை. ஆன்டி-சி.சி.பி. வந்த பிறகும் அதற்கு இடம் தரவில்லை.

அப்படியானால் எதிர்ப்பொருள் சோதனை எதற்கு? நோயை இனங்காண. 2010இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு மருத்துவச் சங்கங்கள் வகுத்த விதியில், பத்துக்கு ஆறு மதிப்பெண் எடுத்தால் முடக்குவாதம்; அதில் எதிர்ப்பொருள் மேல்வரம்பைப் போல் மூன்று மடங்கு தாண்டினால் அதற்கு மட்டுமே 3. அடுத்து, எதிர்காலத்தைக் கணிக்க. எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு எலும்பு அரிப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் மருந்தைத் தளர்த்துவதில் மருத்துவர் நிதானம் காட்டுவார். அண்ணியின் 240க்கு இவ்வளவுதான் பொருள். மூன்று மாதத்துக்கொரு முறை காசு கொடுத்து அதைத் திரும்பத் திரும்ப அளப்பதில் பயனில்லை. எண் இறங்கவில்லை, மருந்து கேட்கவில்லை என்று மாத்திரையை நிறுத்துவது அதைவிட மோசம்.

எதிர்ப்பொருள் முன்கூட்டியே வருகிறதென்றால் நோயையும் முன்கூட்டியே தடுக்கலாமே என்ற ஆசை இயல்பானது. 2024இல் ‘லான்செட்’ இதழில் வந்த பிரிட்டன்-நெதர்லாந்து ஆய்வு அதைச் சோதித்தது. எதிர்ப்பொருளும் மூட்டுவலியும் இருந்து வீக்கம் இன்னும் தொடங்காத 213 பேர். பாதிப் பேருக்கு அபடாசெப்ட் ஊசி, வாரம் ஒன்றாக ஓராண்டு; மற்றவர்களுக்கு வெறும் ஊசி. ஓராண்டுக்குள் நோய் வந்தவர்கள் மருந்துக் குழுவில் 6 விழுக்காடு, வெறும் ஊசிக் குழுவில் 29. ஊசியை நிறுத்தி இன்னோர் ஆண்டு போனதும் வித்தியாசம் சுருங்கியது: 25, 37. மருந்து நோயைத் தள்ளிப்போட்டது, ஒழிக்கவில்லை. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வெறும் ஊசிக் குழுவின் அந்த 37தான். ரத்தத்தில் எதிர்ப்பொருள், கையில் வலி, மருந்தும் இல்லை. அப்படியிருந்தும் இரண்டாண்டு முடிவில் 100இல் 63 பேருக்கு நோய் வரவில்லை. அந்த 63 பேரின் உடம்பில் எது அதைத் தடுத்து நிறுத்தியது என்பதை இந்தச் சோதனைகள் எதுவும் இன்னும் அளக்கவில்லை.